ஆகாய எரிபொருள் ஊட்டு விமானங்கள்: முதுமையும் மாற்றும்

பறந்து கொண்டிருக்கும் விமானம் ஒன்றுக்கு, அது தரையில் இறங்க வேண்டிய அவசியமில்லாமல், ஆகாயத்திலேயே எரிபொருள் வழங்குவதற்கென்று அமைந்த இராணுவ விமானத்தை எரிபொருள் ஊட்டு விமானம் என்பர். விமானிகளின் பேச்சு வழக்கில் அது டாங்கர். இவ்வகையில் உலகில் மிகுதியாக வழங்குவது அமெரிக்க விமானப்படையின் கே.சி.-135 ஸ்டிராட்டோடாங்கர். அதன் கடைசிப் பிரதி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது 1965-ல் என்பதால், இன்று அதை ஓட்டும் இளைஞர்களில் பலருக்கு அது பாட்டனார் முறை ஆகிறது.

இந்தக் கலையின் ஆரம்பம் மிக எளிமையானது. 1923 ஜூன் 27-ல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகருக்கு மேலே, ஓர் இரட்டை இறக்கை விமானத்திலிருந்து தொங்கவிட்ட ரப்பர்க் குழாயைக் கீழே பறந்த மற்றொரு விமானத்தில் இருந்தவர் கையால் எட்டிப் பிடித்துத் தம் தொட்டியில் செருகிக்கொண்டார். 1929-ல் 'கேள்விக்குறி' என்று பெயரிடப்பட்ட விமானம் இதே உபாயத்தால் 150 மணிக்கு மேல் தரையைத் தொடாமல் பறந்தது. 1949-ல் 'லக்கி லேடி 2' என்ற குண்டுவீச்சு விமானம், வழியில் நான்கு முறை எரிபொருள் வாங்கிக்கொண்டு, 94 மணி நேரத்தில் பூமியை இடைநில்லாமல் வலம் வந்தபோதுதான், தொலைவு என்பது இனி ஒரு தேசத்துக்குக் காவலாக நிற்காது என்பது இராணுவ நிபுணர்களுக்குத் தெளிவாயிற்று.

எரிபொருள் ஊட்டும் முறைகள் இரண்டு. இங்கிலாந்தில் ஆலன் காபம் என்பவருடைய கம்பெனி வளர்த்த முறையில், டாங்கர் ஒரு நெகிழ்குழாயை வால்புறம் நீட்ட, அதன் நுனியிலுள்ள கூடையில் பெறும் விமானம் தன் மூக்குக் குழலைச் செருகிக்கொள்ள வேண்டும். போயிங் கம்பெனியார் அமைத்த மற்றதில், 'பூம்' எனப்படும் விறைப்பான நீள்குழாயைச் சிறு இறக்கைகளால் திசை திருப்பி, பெறும் விமானத்தின் வாயில் பொருத்துபவர் டாங்கரிலேயே இருக்கிறார், கே.சி.-135-ல் அவர் வால் அடியில் குப்புறப் படுத்தவாறே ஜன்னல் வழியாகப் பார்த்து இவ்வேலையைச் செய்கிறார். கூடை முறையைவிட இதில் எண்ணெய் விரைவாகப் பாய்வதால், பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்கு இதுவே உகந்ததாயிற்று. இரு விமானங்கள் சில கஜ இடைவெளியில் ஒட்டிப் பறக்கும் இந்தக் காரியத்தின் அபாயம், 1966 ஜனவரியில் ஸ்பெயினின் பலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே ஒரு பி.-52 குண்டுவீச்சு விமானமும் ஒரு கே.சி.-135-உம் மோதி, நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் தரையிலும் கடலிலும் விழுந்தபோது உலகறிந்த செய்தியாயிற்று.

கே.சி.-135 பிறந்த கதையில் ஒரு விநோதம் உண்டு. அதற்கு முந்திய கே.சி.-97 பிஸ்டன் என்ஜினால் இயங்கிய மந்தமான யந்திரம். ஜெட் குண்டுவீச்சு விமானங்கள் அதனிடம் எண்ணெய் வாங்குவதற்காக உயரத்தை விட்டு இறங்கி, விழுந்துவிடாத அளவுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால், சில சமயம் டாங்கரும் வேகம் கூடுவதற்காக இரண்டுமாகச் சரிவாக இறங்கிக்கொண்டே ஊட்டலை முடிப்பது வழக்கம். ஜெட் டாங்கருக்கென்று நடந்த போட்டியில் 1955-ல் வென்றது லாக்ஹீட் கம்பெனியின் வரைபடம். ஆனால் போயிங்கின் மாதிரி விமானமோ 1954 ஜூலையிலேயே பறந்துவிட்டபடியால், லாக்ஹீடின் விமானம் தயாராகும்வரை தற்காலிகமாகச் சமாளிப்பதற்கென்று போயிங்கிடம் சில நூறு விமானங்கள் கேட்கப்பட்டன. வென்ற வரைபடம் காகிதத்தோடு நின்றது. தற்காலிக ஏற்பாடு 732 விமானங்களாகப் பெருகி, எழுபது ஆண்டுகளை எட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு காலம் அவை நிலைத்ததற்கு முக்கிய காரணம் அவை அதிகம் பறக்காமையே. பிரயாணிகளை ஏற்றும் விமானம் வருஷத்தில் சுமார் மூவாயிரம் மணி பறக்கும். டாங்கரோ, அணுயுத்தம் வந்தால் எழும்புவதற்கென்று எண்ணெய் நிரப்பி ஓடுபாதையோரம் காத்து நின்ற காலமே மிகுதியாதலால், சில நூறு மணிக்கு மேல் பறந்ததில்லை. ஆகவே உலோகம் களைத்து விரிசல் காணும் முதுமை அதற்கு மெதுவாகவே வருகிறது. சும்மா நின்றதால் வரும் முதுமை, அதாவது தகடுகளுக்கிடையே ஈரம் புகுந்து அரிப்பது, அதைவிட முந்திக்கொள்கிறது. ஐம்பதுகளில் தகடுகளைப் பொருத்தியவர்கள் இடைவெளிகளை அரிப்புக்கு எதிராகப் பூசி அடைக்கவில்லை. இத்தனை காலம் இவை பறக்கும் என்று அவர்கள் எண்ண இடமில்லை. எழுபது எண்பதுகளில் இறக்கையின் அடித்தகடுகள் முழுவதும் மாற்றப்பட்டன. ஒக்லஹோமாவிலுள்ள டிங்கர் தளத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு விமானமும் பிரிக்கப்பட்டுச் சோதிக்கப்படுகிறது. தொழிற்சாலையில் அச்சே இல்லாத பகுதி பழுதுற்றால் அதைப் புதிதாகச் செய்து வாங்குவதற்குள் காலமும் பணமும் கரைகின்றன.

என்ஜின்களின் சரித்திரமும் ரசமானது. ஆரம்பத்தில் இருந்தவை, நிறைபாரத்தோடு எழும்புகையில் சில ஆயிரம் ராத்தல் தண்ணீரை உட்செலுத்தி உந்துவிசையைக் கூட்ட வேண்டியவை. கரும்புகையும் காதைப் பிளக்கும் ஓசையும் அவற்றின் அடையாளம். பிறகு ஒரு பகுதி விமானங்களுக்கு, ஓய்வு பெற்ற போயிங் 707 விமானங்களிலிருந்து கழற்றிய என்ஜின்கள், அதாவது உடன்பிறந்தாரின் உறுப்புகளே, பொருத்தப்பட்டன. 1984 முதல் நானூறுக்கும் மேற்பட்டவை புதிய சி.எப்.எம். என்ஜின்களைப் பெற்று கே.சி.-135 ஆர் ஆயின. இவற்றில் ஒன்று 2,00,000 ராத்தல் வரை எரிபொருள் வழங்க வல்லது.

மாற்று தேடிய முயற்சியோ இதைவிட நெடிய கதை. 2001-க்குப் பின் போயிங் 767 வகையில் 100 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கும் யோசனை எழுந்தது. விமானப்படையின் கொள்முதல் அதிகாரி டார்லீன் டிரூயன் பதவியிலிருக்கும்போதே அக்கம்பெனியில் வேலைக்குப் பேசியது வெளிப்பட்டு, அவர் சிறை சென்றார், குத்தகையும் குலைந்தது. 179 விமானங்களுக்கான அடுத்த போட்டியில் 2008 பெப்ருவரியில் நார்த்ராப்-ஏர்பஸ் கூட்டணி வென்றது. போயிங் முறையிட, அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் தேர்வில் பிழைகள் கண்டது. போட்டி மறுபடியும் நடந்து, 2011-ல் போயிங்கின் கே.சி.-46 பெகாசஸ் தேர்வாயிற்று. குறித்த விலைக்கு ஒப்புக்கொண்ட அக்கம்பெனிக்கு இதுவரை நேர்ந்த நஷ்டம் 700 கோடி டாலருக்கும் மேல். முதல் விமானம் 2019-ல்தான் கன்ஸாஸிலுள்ள மக்கானெல் தளத்தை அடைந்தது. அதில் ஊட்டுபவர் வாலில் படுப்பதில்லை. முன்புறத்தில் அமர்ந்து, விசேஷக் கண்ணாடி அணிந்து, காமிராக்கள் காட்டும் திரையைப் பார்த்து பூமைச் செலுத்துகிறார். சில கோணங்களில் வெயிலும் நிழலும் விழும்போது அத்திரையில் தூரம் சரியாகப் புலப்படாமையால் பூம் மற்ற விமானத்தின் உடலில் உரசிவிட நேர்ந்தது. அமைப்பையே மாற்றி வடிவமைக்க வேண்டியதாயிற்று. ஒரு ஜன்னல் செய்து வந்த வேலையைச் செய்ய இவ்வளவு சாதனங்கள் தேவைப்பட்டன என்று பழைய ஊட்டுநர் எவரேனும் நகைத்திருந்தால், அவரைக் குறை சொல்வதற்கில்லை.

மற்ற தேசங்களில் பெரும்பாலானவை ஏர்பஸ் ஏ-330-ஐ அடிப்படையாகக் கொண்ட டாங்கரை நாடின. அதன் இறக்கைகளில் கூடுதல் தொட்டியில்லாமலே 111 டன் எரிபொருள் அடங்கும். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, ஸிங்கப்பூர் முதலியவை அதை உபயோகிக்கின்றன. இங்கிலாந்தின் பழைய டாங்கர்களான வி.சி.-10-கள் 2013-ல் ஓய்வு பெற்றன. 1964 முதல் பிரான்ஸ் வாங்கிய பன்னிரண்டு கே.சி.-135 வகை விமானங்களின் இடத்தை, 2018 முதல் 'பீனிக்ஸ்' என்ற பெயரில் இந்த ஏர்பஸ் டாங்கரே நிரப்பியது. இந்தியா 2003 முதல் ஆக்ராவில் வைத்திருக்கும் ஆறு ரஷ்ய வகை ஐ.எல்.-78-களே இன்னமும் அதன் கையிருப்பு.

அமெரிக்காவில் முதலில் ஓய்வு பெற்றது மூத்தது அன்று. 1981-ல் பணியேற்ற, உருவில் பெரிய கே.சி.-10 தான் 2024-ல் விடைபெற்றது. அறுபதே விமானங்கள் கொண்ட கூட்டத்தைத் தனியே பராமரிக்கும் செலவு கட்டாமற்போயிற்று. பகைவரின் நெடுந்தூர ஏவுகணைக்குப் பெரிய டாங்கர் எளிய இலக்காகிவிட்டபடியால், ராடாரில் தென்படாத ஊட்டு விமானம் வேண்டுமென்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆளில்லாத எம்.கியூ.-25 என்ற விமானம் 2021 ஜூனில் கடற்படைப் போர் விமானத்துக்கு எரிபொருள் ஊட்டிக் காட்டியது. உடலும் இறக்கையும் ஒன்றாக இழைந்த வடிவத்தில் பரிசோதனை விமானம் ஒன்றைச் செய்ய 2023-ல் ஜெட்ஸீரோ என்ற கம்பெனி தேர்வாயிற்று. இவை பணிக்கு வரும்வரை கே.சி.-46-களையே மேலும் 75 வரை வாங்குவதென்று 2025-ல் விமானப்படை தீர்மானித்தது. அவையும் போதாதவரை, அரிப்பைச் சுரண்டித் தகடு மாற்றிய கே.சி.-135-கள் டிங்கர் தளத்தின் கொட்டகைகளிலிருந்து வெளிவந்து மீண்டும் பறக்கின்றன.