நாலு சைக்கிளும் ஆண்டிபட்டிக் கணவாயும்

கம்பத்தில் விடிகாலை இருட்டோடு பஸ் ஏறினால்தான் ஒன்பது மணிக்கு மதுரையில் ரத்தப் பரிசோதனை வரிசையில் நிற்கலாம். சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, செக்கானூரணி, கடைசியில் ஆரப்பாளையம். 1980களில் மார்பில் கட்டி வந்த எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கீமோதெரபியின் முதல் சிரமமே இந்தச் சாலைதான். போடி வரைக்கும் 1928லேயே ரயில் வந்துவிட்டது. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இன்றுவரை வரவில்லை.

நான் உத்தமபாளையத்துக்காரி. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கீமோவின் வரலாறு என்றால் எந்த மருந்தை யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்றுதான் எழுதுவார்கள். எங்கள் பள்ளத்தாக்குப் பெண்களுக்கு அது எத்தனை தடவை கணவாயைத் தாண்டி வர வேண்டியிருந்தது, எப்படித் திரும்பிப் போனார்கள் என்பதன் வரலாறு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மார்பகப் புற்றுக்கு மூன்று மருந்து ஒன்றாகப் போகும். சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட், ஃபுளோரோயுராசில். மூன்றின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்து சி.எம்.எஃப். என்போம். இத்தாலியின் மிலான் நகரத்தில் ஜான்னி பொனடோனா என்ற டாக்டர் செய்த சோதனையிலிருந்து வந்த முறை அது. அறுவை முடிந்து, அக்குளில் நெறிகட்டியிலும் நோய் இருந்த 386 பெண்களை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு அறுவையோடு சரி. மற்றவர்களுக்கு அதற்குப் பிறகு இந்த மூன்று மருந்தும். 1976ல் முடிவு வெளியானது. 27 மாதக் கணக்கில், மருந்து எடுக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது, எடுத்தவர்களில் 5.3 சதவீதம் பேருக்கு. மார்பை எடுத்த பிறகும் எதற்கு ஊசி என்று கேட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் நான் சொன்ன பதிலின் வேர் இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் உடம்பில் சிதறிக் கிடப்பதைக் கத்தி தொடாது, மருந்துதான் தொடும்.

அந்த மூன்றில் மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. அது பிறந்தது அமெரிக்காவில் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். அங்கே தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் 1895ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கடல் கடந்தவர். அவர் குழு தந்த, மெத்தோட்ரெக்சேட்டுக்கு முன்னோடியான அமினாப்டெரினை வைத்துத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுக் குழந்தைகளுக்கு முதன்முதலாக நோயைத் தணித்துக் காட்டினார். அது வெளியான 1948லேயே சுப்பாராவ் காலமாகிவிட்டார். நர்ஸிங் படித்தபோது எங்களுக்கு யாரும் இந்தப் பெயரைச் சொல்லித் தரவில்லை. மஞ்சள் நிற மெத்தோட்ரெக்சேட்டை எத்தனையோ கைகளில் ஏற்றிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். இது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

சி.எம்.எஃப். கணக்கு இப்படி: 28 நாள் ஒரு சைக்கிள். முதல் நாளும் எட்டாம் நாளும் ஊசி, முதல் 14 நாளும் மாத்திரை. ஆறு சைக்கிள். ஆக, ஆறு மாதத்தில் பன்னிரண்டு முறை மதுரை. ஏலக்காய்க் காட்டுக்கு விடிகாலை ஜீப் ஏறுகிற பெண்ணுக்குப் பன்னிரண்டு நாள் கூலி போகும், கூட வருபவரின் கூலியும் போகும். மறுநாள் எழுந்திருக்க முடியாமல் போகிற கூலி தனி. காதில் கிடந்த தோடு அடகுக்குப் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். முதல் முறை தோட்டோடு வந்தவர் மூன்றாம் முறை வேப்பங்குச்சி செருகிய காதோடு வருவார். நாலாவது சைக்கிளுக்கு வரமாட்டார்.

வாந்தியைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அப்போது எங்களிடம் இருந்ததெல்லாம் மெட்டோகுளோப்ரமைடு, கொஞ்சம் டெக்ஸாமெத்தசோன். மருந்து ஏறிச் சில மணி நேரம் கழித்துத்தான் குமட்டல் வலுக்கும். அதற்குள் பஸ் உசிலம்பட்டியைத் தாண்டிக் கணவாய் ஏறிக்கொண்டிருக்கும். முந்தானையில் எலுமிச்சம்பழமும் மடியில் பாலிதீன் பையுமாக, ஜன்னல் ஓரத்தில் சுருண்டு போன பெண்களை அந்தத் தடத்துக் கண்டக்டர்கள் அடையாளம் தெரிந்து வைத்திருந்தார்கள். ஊருக்குள் இவர்கள் இறங்கிய கோலத்தைப் பார்த்தவர்கள்தான் "கீமோ வச்சா ஆளே முடிஞ்சுபோகும்" என்ற பேச்சைப் பரப்பினார்கள். அன்றைக்கு அவர்கள் பார்த்தது பொய்யில்லை.

பிறகு சிவப்பு மருந்து வந்தது. டாக்ஸோரூபிசின். இத்தாலியில் அட்ரியாட்டிக் கடல் பக்கத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியின் வழியில் வந்தது. அதனாலேயே அட்ரியாமைசின் என்றும் பெயர். பாட்டிலைப் பார்த்ததும் கேட்பார்கள், "ஏம்மா சிஸ்டரு, ரத்தமா ஏத்துறீங்க?" "மருந்துதான் ஆத்தா. நாளைக்கு ஒண்ணுக்குப் போறப்பவும் செவப்பாத்தான் போகும், பயந்துறாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவோம். சொல்லாமல் விட்டால் நடு ராத்திரி அலறிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். இந்த மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையே வெந்து புண்ணாகும். ஓடுகிற டிரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, ரத்தம் பின்னால் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போடுவோம். "சுருக்குன்னா உடனே சொல்லணும்" என்பது எங்கள் வார்டின் மந்திரம். தலைமுடியும் இதில்தான் முழுசாகக் கொட்டும், முதல் ஊசிக்கு இரண்டு மூன்று வாரத்தில். பழனிக்கு வேண்டுதல், முடி இறக்கினேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டவர்கள் நிறையப் பேர். நான் ஒருநாளும் அதைத் திருத்தவில்லை.

ஆனாலும் சிவப்பு மருந்தை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். சைக்ளோபாஸ்பமைடோடு சேர்த்து 21 நாளுக்கு ஒரு தடவை, நாலே நாலு சைக்கிள் கொடுத்தால் ஆறு மாத சி.எம்.எஃப். செய்யும் வேலையை அது செய்துவிடும் என்று 1990ல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழு காட்டியது. பன்னிரண்டு பயணம் நாலாகிவிட்டது! புத்தகங்களில் இது ஒரு வரி. கூடலூரிலிருந்து வருகிற பெண்ணுக்கு முடிக்கிறதா, பாதியில் விடுகிறதா என்பதே அதில் இருந்தது. அடுத்த வருடம் ஆண்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்று, சில ஆண்டுகளில் எங்கள் வார்டுக்கும் வந்தது. அதைப் போட்டுவிட்டு மருந்து ஏற்றினால் சாயங்காலம் இட்லி கேட்டுச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தேன். ஆரம்பத்தில் என்னால் நம்பவே முடியவில்லை.

அடையாறுக்குப் போனவர்களும் உண்டு. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியில், மார்பில் பெரிய கட்டியோடு வந்தவர்களுக்கு மருந்தையும் கரண்டையும் (கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) முதலில் கொடுத்துச் சுருக்கிவிட்டு, அப்புறம் அறுவை செய்வார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் பெரிய கட்டியோடுதான் வந்தார்கள். வலிக்கவில்லையே என்று வருடக்கணக்கில் மறைத்து வைத்திருப்பார்கள். திருவனந்தபுரத்தில் 1981ல் மண்டலப் புற்றுநோய் மையம் வந்த பிறகு, குமுளி ஏறி அந்தப் பக்கம் போனவர்களும் இருந்தார்கள்.

எனக்கு இன்றும் நெஞ்சில் தைத்து நிற்பது காய்ச்சல். மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கிக் கிடக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். ஒரு சித்திரையில், வீரபாண்டித் திருவிழா சமயம், இரண்டாம் சைக்கிள் முடித்துப் போன ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். எங்களிடம் கொண்டு வந்தபோது நினைவில்லை. அவரைக் கொன்றது கட்டியும் அல்ல, மருந்தும் அல்ல. காத்திருந்த இரண்டு நாள். அதற்குப் பிறகு யாரையும் காய்ச்சல் பேச்சு பேசாமல் நான் பஸ்ஸுக்கு அனுப்பியதில்லை.

2000க்குப் பிறகு காட்சி வேகமாக மாறியது. தேனிக்கு க.விலக்கில் 2004ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2007ல் தமிழ்நாடு அரசு கர்ப்பப்பை வாய்ப் புற்றுப் பரிசோதனையை முதலில் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இரண்டு மாவட்டங்களில் தேனியும் ஒன்று, இன்னொன்று தஞ்சாவூர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புற்று என்ற சொல்லை எங்கள் பெண்கள் வெளிப்படையாகக் கேட்டது அப்போதுதான். 2009ல் கலைஞர் காப்பீடும் 2012ல் முதலமைச்சர் காப்பீடும் வந்து தோடு அடகுக்குப் போவதைக் குறைத்தன.

இதே காலத்தில் பாக்லிடாக்சல் பரவலானது. பசிபிக் யூ மரப்பட்டையில் இருந்து வந்த மருந்து. அதன் அமைப்பை 1971ல் வெளியிட்டவர்களில் நம் நாட்டில் பிறந்த மன்சுக் வாணியும் ஒருவர். நாலு சிவப்பு ஊசி முடிந்ததும் இதை வாராவாரம் பன்னிரண்டு முறை கொடுப்பது நல்ல பலன் தருகிறது. வாந்தி குறைவு, ஆனால் கைகால் மரத்துப்போகும். செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்து வந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். பழுத்த ஏலக்காயை விரல் நுனியால் பார்த்துக் கிள்ளுகிறவர்களுக்கு இது பிழைப்பைத் தொடும் விஷயம். மரமரப்பு கூடுகிறது என்று சொன்னால் டாக்டர் அளவைக் குறைப்பார். பயந்து மறைக்கக் கூடாது. ஆக, நாலாகக் குறைந்த பயணம் பதினாறாக ஏறிவிட்டது. மருந்து முன்னேறியது, சாலை அதேதான்.

அதனால்தான் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பகல்நேரப் புற்றுநோய் மையம் திறப்போம் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் சொன்னதை நான் பேப்பரில் வெட்டி வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுக்குள் எல்லா மாவட்டத்துக்கும் என்றார்கள். வாராந்திர ஊசிக்கு எங்கள் பெண்கள் கணவாய் தாண்ட வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

இப்போதும் உத்தமபாளையத்தில் வீடு தேடி வந்து கேட்கிறார்கள், "அக்கா, நாளைக்கு முதல் ஊசி, என்ன செய்யணும்?" கிராமத்தில் அவர்களிடம் சொல்லப்படுவது இன்னமும் 1985ன் கதை. நான் இன்றையதைச் சொல்கிறேன். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ. ரத்தம் பார்த்து, அணு சரியாக இருந்தால்தான் மருந்து. சில நாள் திருப்பி அனுப்புவார்கள், அதற்கு மனம் உடையாதே. ஊசிக்கு ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை நீட்டாதே. வாந்தி மாத்திரையை வாந்தி வருவதற்கு முன்னாலேயே போடு. வாய்ப்புண் வந்தால் காரம் வேண்டாம், உப்புத் தண்ணீரில் கொப்பளி. முடி திரும்ப முளைக்கும். மெடிக்கலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள், 100.4 காட்டினால் ராத்திரி என்று பார்க்காதே, கிளம்பு.