துகள் சுமக்கும் கொந்தளிப்பு ஓட்டம்: கணினி உருவகப்படுத்தல்

மணல், வண்டல், தாதுப்பொடி போன்ற திண்மத் துகள்களைச் சுமந்தபடி கொந்தளித்து ஓடும் நீர்மத்தின் போக்கைக் கணினியில் கணித்தறியும் முறை. சென்னையின் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. 1993-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் ஆழ்கடல் சுரங்கத் திட்டத்துக்கு இது தீர்த்தே ஆக வேண்டிய கணக்கு.

அடிப்படைகள் கணினிக்கு முந்தியவை. மெதுவாக அமிழும் உருண்டையின் மேல் நீர் செலுத்தும் தடையை ஸ்டோக்ஸ் 1851-இல் கணித்தார். ஆற்றில் எந்த உயரத்தில் எவ்வளவு வண்டல் மிதக்கும் என்பதற்கு ஹண்டர் ரவுஸ் 1937-இல் சூத்திரம் தந்தார். 1972-இல் ஆர்ஸாகும் பேட்டர்சனும் கொந்தளிப்பை நேரடியாகக் கணினியில் தீர்த்துக் காட்டினர். பக்கத்துக்கு 32 புள்ளிகள் கொண்ட கனசதுரம்தான் அவர்களின் களம். இரண்டே ஆண்டுகளில் ரைலியும் பேட்டர்சனும் அத்தகைய களத்தில் 432 துகள்களைப் பின்தொடர்ந்தனர்.

இத்துறையின் அடிக்கல் என்று சொல்லத்தக்கது ஓட்டத்தில் துகள் நகரும் விதத்துக்கு 1983-இல் மேக்ஸியும் ரைலியும் எழுதிய சமன்பாடு. துகளோடு சேர்ந்து நகரும் நீரின் நிறை, துகளின் முந்தைய வேகமாற்றங்கள் விட்டுச்செல்லும் விளைவு ஆகியவையும் அதில் உண்டு. காற்றில் பறக்கும் தூசிக்கு இவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். நீரில் விட முடியாது. (தூசிக்கு எழுதிய நிரலை அப்படியே மணலுக்குப் போடுகிறவர்கள் இடறுவது இங்கேதான்.) கனத்த துகள்கள் சுழல்களின் நடுவிலிருந்து வெளியே வீசப்பட்டு ஓரங்களில் திரள்கின்றன என்பதை 1991-இல் ஸ்குவையர்ஸும் ஈட்டனும் கணினிவழி காட்டினர். கொந்தளிப்பு எல்லாவற்றையும் சீராகக் கலக்கிவிடும் என்ற எண்ணம் அத்துடன் ஆட்டங்கண்டது.

ஆனால் நேரடிக் கணிப்பின் செலவு பெரிது. ஓட்டத்தின் கொந்தளிப்பு அளவைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் பத்து மடங்கானால் தேவைப்படும் புள்ளிகள் ஏறத்தாழ 180 மடங்காகும். மேக்ஸி–ரைலி சமன்பாடோ மிகச் சிறிய துகளுக்கே பொருந்தும். எனவே பொறியாளர்கள் துகள் கூட்டத்தையே இன்னொரு பாய்மமாகக் கொள்கிறார்கள். அல்லது குண்டாலும் ஸ்ட்ராக்கும் 1979-இல் வகுத்த முறைப்படி மணிகளின் மோதலைத் தனித்தனியே கணக்கிட்டு நீரோட்டத்தோடு இணைக்கிறார்கள். இரண்டுமே சமரசங்கள். சோதனைக் குழாயில் அளந்து சரிபார்க்காத முடிவை நம்புவதற்கில்லை.

இந்தியாவுக்கு நடு இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கி.மீ. ஆய்வுப் பரப்பு உண்டு. அங்கே 5,000 மீட்டருக்கும் கீழே கிடக்கும் பல்லுலோக முடிச்சுகளை நொறுக்கி, நீரோடு கூழாக்கி, வளையும் குழாய் வழியே கப்பலுக்கு ஏற்றுவது பள்ளிக்கரணை நிறுவனத்தின் திட்டம். வேகம் குறைந்தால் துகள்கள் படிந்து குழாய் அடைபடும். கூடினால் குழாய்ச் சுவர் தேயும், மின்செலவும் ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வேகத்தைக் கண்டுபிடிப்பதுதான் உருவகப்படுத்தலின் வேலை. 2000-களில் ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து மணல் ஏற்றிப் பார்த்தார்கள். 2021-இல் வராகா என்ற இயந்திரம் 5,270 மீட்டர் ஆழத்தில் நகர்ந்து காட்டியது. அது ஊர்தியின் சோதனை மட்டுமே. அந்த ஆழத்திலிருந்து கூழ் மேலே ஏற்றப்படவில்லை.