இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

1/ நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, தென்னை மரத்துல இருந்து விழுந்த ஒருத்தரைப் பார்த்தேன். தண்டுவடத்தில் அடி, இரண்டு காலும் செயலிழந்துவிட்டது. ஆபரேஷன் நல்லாவே முடிஞ்சு வீட்டுக்குப் போனார். மூணு மாசம் கழிச்சு, எலும்பு தெரியற அளவுக்கு இடுப்புக்குப் பின்னாடி புண்ணோட திரும்பி வந்தார். "ஆடாம அசையாம படுக்க வெச்சுதான் சார் பார்த்துக்கிட்டோம்"னு அவர் மனைவி அழுதாங்க. தப்பு அவங்க மேல இல்ல. நாங்க சரியா சொல்லிக்கொடுக்கல.

2/ இந்தத் தப்பை உலகமே ஒரு காலத்தில் செய்தது. முதல் உலகப்போரில் தண்டுவடத்தில் குண்டடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. பல பேரைக் கொன்றது குண்டு இல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான்.

3/ காரணம் எளிமையானது. ஒரே பக்கமா படுத்தால், அழுத்தம் விழுற இடத்துக்கு ரத்தம் போகாது, தோல் அழுகும். நமக்கு வலிக்கும், புரண்டு படுத்துக்குவோம். அவங்களுக்கு வலியும் தெரியாது, புரளவும் முடியாது.

4/ இதை மாற்றியவர் லுட்விக் குட்மன். யூத நரம்பியல் மருத்துவர். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939ல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கென தனிப் பிரிவு தொடங்கினார்.

5/ பெரிய மெஷின் எதுவும் கொண்டுவரல. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கணும். சிறுநீர் வெளியேற்றுவதில் கடுமையான சுத்தம். அவ்வளவுதான். சாவாங்கன்னு நினைச்சவங்க பிழைச்சாங்க.

6/ பிழைச்சா மட்டும் போதுமா? போதாதுன்னார். தச்சு வேலை, கடிகாரம் ரிப்பேர், விளையாட்டுன்னு ஆளை உட்கார வெச்சு வேலை வாங்கினார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாள். ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர் வீல்சேரில் உட்கார்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். வில் இழுக்கும்போது கைக்கும் தோளுக்கும் பலம் வரும், உட்காரும் சமநிலையும் கூடும். அதுவும் சிகிச்சைதான்!

7/ அந்தப் போட்டி வளர்ந்து 1960ல் ரோம் நகருக்குப் போனது. அதுதான் இன்றைய பாராலிம்பிக்ஸ். 2016ல் நம்ம சேலத்துக்காரர் மாரியப்பன் தங்கவேலு தங்கம் ஜெயிச்சாரே, அதேதான்.

8/ உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் படுத்திருந்தா: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாத்துங்க. தினமும் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால் மூணையும் பாருங்க. தோல் சிவந்தோ கருத்தோ இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க, புண்ணாகும் வரை காத்திருக்க வேண்டாம். பிசியோதெரபியை விடாதீங்க.

9/ ஒரே ஆள் ராத்திரி முழுக்க முழிச்சிருக்க முடியாது. அண்ணன், தம்பி, மகள்னு முறை வெச்சுக்கோங்க. அலாரம் வெச்சு எழுந்து திருப்பிவிடுற அந்தக் கையும் ஒரு வைத்தியம்தான்.