குழந்தையைச் சூழ்ந்த குழு: இங்கிலாந்துக் குழந்தை நலப் பணியில் ஒரு கருத்தின் வரலாறு (1945–2011)

ஆய்வுச் சுருக்கம்

இடருக்குள்ளான குழந்தைக்கும் அதன் குடும்பத்திற்கும் பல துறையினர் குழுவாக நின்று உதவும் முறை இங்கிலாந்தில் இரு வேறு ஊற்றுகளிலிருந்து தோன்றியது. ஒன்று, குழந்தை இறப்புகளைப் பற்றிய விசாரணைகள். மற்றொன்று, மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் பட்ட அலைச்சல். 2003க்குப் பின் இரண்டும் ஒரே பெயரில் கலந்தபோது, துணைநிற்றல் கண்காணிப்புக்குள் அடங்கிப்போனது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: குழந்தைப் பாதுகாப்பு, குடும்ப ஆதரவு, பல்துறைக் குழு, விசாரணை அறிக்கை, சமூகப் பணி

முன்னுரை

தமிழில் ‘குழு’ என்னும் சொல் சேர்ந்து வேலை செய்வோரையும் குறிக்கும். கூடி முடிவெடுப்போரையும் குறிக்கும். இந்தியச் சிறார் நீதிச் சட்டத்தின்படி இயங்கும் குழந்தைகள் நலக் குழு இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆயினும் இங்கிலாந்தின் நடைமுறையில் முதல் வகைக் குழு பலமுறை இரண்டாம் வகையாக மாறிப்போனது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இனிக் காணலாம்.

இறப்புகளிலிருந்து பிறந்த ஒருங்கிணைப்பு

1945 சனவரியில் டென்னிஸ் ஓ’நீல் என்னும் 12 வயதுச் சிறுவன் ஷ்ராப்ஷயர் பண்ணை ஒன்றில், தன்னை வளர்க்கப் பொறுப்பேற்றவரின் கொடுமையால் இறந்தான். அவனை அங்கு அனுப்பியது வேல்ஸின் நியூபோர்ட் நகராட்சி. பண்ணை இருந்ததோ வேறொரு நிருவாக எல்லை. மேற்பார்வை யாருடையது என்பதில் இரு உள்ளாட்சிகளுக்கும் இடையே இருந்த குழப்பத்தை வால்டர் மாங்க்டன் நடத்திய விசாரணை வெளிப்படுத்தியது. மைரா கர்ட்டிஸ் தலைமையிலான குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கை இதற்குக் கண்ட தீர்வு கருதத்தக்கது. குழந்தையை நேரில் அறிந்த, பொறுப்புடைய ஓர் அலுவலர் வேண்டும் என்றது அது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளில் குழந்தைகள் துறையையும் அதற்கெனத் தனி அலுவலரையும் ஏற்படுத்தியது. பல துறைகளைக் கூட்டுவதைவிட ஒரு மனிதரைப் பொறுப்பாக்குவதே அன்றைய விடையாக இருந்தது.

அத்துறைகளின் பட்டறிவிலிருந்து 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற் பிரிவு பிறந்தது. குழந்தையை அரசுப் பராமரிப்பில் சேர்க்கும் தேவையே எழாதவாறு குடும்பத்திற்கு அறிவுரையும் உதவியும், விதிவிலக்கான சூழலில் பணமும் தரலாம் என்றது அது. குடும்ப ஆதரவுக்குச் சட்டம் தந்த இந்த இடம் பின்வந்த அறிக்கைகளின் ஆரவாரத்தில் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

1973 சனவரியில் பிரைட்டனில் ஏழு வயது மரியா கோல்வெல் மாற்றாந்தந்தையால் கொல்லப்பட்டாள். அத்தை வீட்டில் வளர்ந்த அவள், தாயிடம் திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். பள்ளி, சமூகப் பணியாளர், குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சங்கத்தார் எனப் பலரும் அவளை அறிந்திருந்தனர். அண்டை வீட்டார் முறையிட்டிருந்தனர். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. முழுமை எவரிடமும் இல்லை. 1974இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இதனையே பெருங்குறையாகக் கண்டது. விசாரணையில் பங்கேற்ற கல்வியாளர் ஆலிவ் ஸ்டீவன்சன் சில பகுதிகளில் உடன்படாமல் தம் கருத்தைத் தனியே பதிந்தார் என்பது அறிக்கையின் கதைப்போக்கு ஒன்றே உண்மையன்று என்பதை நினைவூட்டும். அதே ஆண்டில் அரசு வட்டாரப் பரிசீலனைக் குழுக்களையும், பல துறையினர் கூடும் வழக்கு மாநாடுகளையும், ஆபத்திலுள்ள குழந்தைகளின் பதிவேட்டையும் வகுத்தது. பல்துறைக் குழு நிலைத்த வடிவம் பெற்றது இங்குதான். ஆனால் அம்மாநாடுகளில் பெற்றோர் பொதுவாக இடம்பெறவில்லை. அவர்கள் பேசப்படும் பொருளாக இருந்தனரேயன்றிப் பேசுவோராக இல்லை.

1987இல் கிளீவ்லாந்தில் 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு உள்ளாகியிருக்கலாம் என மருத்துவர்கள் கண்டறிந்ததும், பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டதும் எதிர்த்திசையில் புயலைக் கிளப்பின. 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் சமநிலை காண முயன்றது. அதன் 17ஆம் பிரிவு தேவையுள்ள குழந்தைக்கும் குடும்பத்திற்கும் சேவை வழங்குவது. 47ஆம் பிரிவு தீங்கு குறித்துப் புலனாய்வது. 1995இல் அரசு தொகுத்து வெளியிட்ட ஆய்வுகள் தராசு எப்பக்கம் சாய்ந்தது என்பதைக் காட்டின. புலனாய்வுக்குள் இழுக்கப்பட்ட குடும்பங்களில் மிகப் பல, கேள்விகளுக்கு ஆளானபின் எவ்வுதவியும் பெறாமல் வெளியேறின.

வேறோர் ஊற்று

‘குழந்தையைச் சூழ்ந்த குழு’ என்னும் தொடர் இவ்விசாரணைகளிலிருந்து வந்ததன்று. கடுமையான, பலவகைக் குறைபாடுகளுடன் பிறந்த குழந்தைகளின் குடும்பங்களோடு பணியாற்றிய பீட்டர் லிம்பிரிக், 2001இல் வெளியிட்ட நூலில் இதனை முன்வைத்தார். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பார்வைக் குறைபாட்டு ஆசிரியர் எனத் தனித்தனியே வருவோரிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சோரும் தாய்தந்தையரே அவர் சிந்தனையின் தொடக்கம். குழந்தையை அடிக்கடி தொட்டுப் பழகும் சிலர் மட்டுமே குழுவில் இருக்க வேண்டும். பெற்றோர் அதில் முழு உறுப்பினர். ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் குழு தனி. அலுவலகம் கூட்டும் கூட்டம் என்ற பொருளே இதில் இல்லை.

கலப்பு

2000 பிப்ரவரியில் எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே இலண்டனில் இறந்தாள். ஐவரி கோஸ்ட்டில் பிறந்து, வேறொரு சிறுமியின் கடவுச்சீட்டில் அழைத்து வரப்பட்ட அவளை அலுவலகப் பதிவுகள் ‘அன்னா’ என்றே குறித்தன. நான்கு உள்ளாட்சிகளின் சமூக சேவைத் துறைகளும், இரண்டு மருத்துவமனைகளும், இரண்டு காவல்துறைக் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகளும் கையாண்ட குழந்தையின் உண்மைப் பெயர்கூட அவற்றின் ஏடுகளில் ஏறவில்லை. லேமிங் பிரபுவின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, அவளைக் காத்திருக்கக்கூடிய 12 வாய்ப்புகளைச் சுட்டி, 108 பரிந்துரைகளை வழங்கியது.

அதைத் தொடர்ந்த கொள்கை ஆவணமும் 2004ஆம் ஆண்டுச் சட்டமும் பொது மதிப்பீட்டுப் படிவத்தையும் குழந்தைகளின் தரவுத்தளத்தையும் கொணர்ந்தன. லிம்பிரிக்கின் தொடரும் இக்காலத்தில் அரசுச் சொல்லாயிற்று. படிவம் நிரப்பியபின் கூடும் கூட்டத்திற்கு அப்பெயர் இடப்பட்டது. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி காக்கப்பட்டது உண்மையே. ஆனால் பிற துறையின் உதவியைக் கோருவதற்கான நுழைவுச்சீட்டாகவும் படிவம் பயன்பட்டது. குடும்பத்தின் கதை கட்டங்களுக்குள் துண்டாடப்பட்டு அதன் காலவரிசையும் காரணத்தொடர்பும் சிதைவதை ஸூ வைட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் எடுத்துக்காட்டினர். துண்டுச் செய்திகளை ஒன்றாக்க வந்த கருவியே செய்தியைத் துண்டாக்கியது எனலாம். இங்கிலாந்தின் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் குழந்தைகளுக்கென 22 கோடியே 40 இலட்சம் பவுண்டு மதிப்பீட்டில் உருவான தரவுத்தளம் 2009இல் பயன்பாட்டுக்கு வந்து, 2010 ஆகஸ்டில் மூடப்பட்டது.

2011இல் அறிக்கை அளித்த எய்லீன் மன்ரோ, விதிகளும் கணினிப் பதிவுகளும் சமூகப் பணியாளரைக் குடும்பத்திடமிருந்து விலக்கிவிட்டதைக் கண்டார். கெடுநிலை முற்றுமுன் உதவுவதை உள்ளாட்சிகளின் சட்டக் கடமையாக்க வேண்டும் என்பது அவருடைய 15 பரிந்துரைகளுள் ஒன்று. இருக்கும் சட்டமே போதும் எனக் கூறி அரசு அப்புதிய கடமையை இயற்றவில்லை. 47ஆம் பிரிவின் புலனாய்வுக் கடமை முன்போலவே நீடித்தது.