இரண்டு லாரிகளும் ஒரு சேஸ் எண்ணும்

1758-59இல் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டுத் திரும்பிய பின்னர், கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் வடமேற்கு மூலையில் நின்ற கொத்தளமே மூலக்கொத்தளம் என்னும் பகுதிக்குப் பெயர் தந்தது. மதில் மறைந்த பிறகும் அந்த மூலை சரக்குகள் கைமாறும் விளிம்பாகவே நீடித்தது. பக்கிங்காம் கால்வாயும் பேசின் பாலமும் அருகிலும், 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரமும் துறைமுகமும் கிழக்கிலும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகள் வடக்கிலுமாக அமைந்தன. படகும் மாட்டுவண்டியும் சுமந்த பாரம் லாரிக்கு மாறிய இருபதாம் நூற்றாண்டில், லாரியை ஓட்டுவதைப் போலவே அதைச் சாகவிடாமல் வைத்திருப்பதும் இந்த வட்டாரத்துக்கு இன்றியமையாத தொழிலாயிற்று. பழுதான இரண்டு லாரிகளிலிருந்து ஓடக்கூடிய ஒன்றை உருவாக்குவது அத்தொழிலின் மிகக் கடினமான வேலை. மேலை நாடுகளில் இது பெரும்பாலும் பொழுதுபோக்காக வளர்ந்தது; இங்கோ போர்க்கழிவும் இறக்குமதிக் கொள்கையும் உதிரிபாகப் பஞ்சமும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

இரண்டாம் உலகப் போரின்போது கனடாவின் ஆலைகள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வாகனங்களைச் செய்து நேச நாட்டுப் படைகளுக்கு அனுப்பின. அவற்றில் பெரும்பங்கு, ஃபோர்டும் செவ்ரலெட்டும் ஒரே ராணுவ வரைமுறைப்படி செய்த லாரிகள். ஃபோர்டில் வி-8 என்ஜினும் செவ்ரலெட்டில் நேர்வரிசை 6 சிலிண்டர் என்ஜினும் இருந்தாலும், கேபின் அமைப்பு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம், சிறிய வகையில் 101 அங்குலமும் பெரிய வகையில் 158 அங்குலமுமாக இருந்தது. போர் முடிந்து இங்கிருந்த ராணுவ உபரிப் பொருள்களை அரசு விற்றபோது 'டிஸ்போசல்' லாரிகள் என்ற பெயரில் இவை பொதுமக்கள் கைக்கு வந்தன. சண்டைக்காகச் செய்யப்பட்ட பொதுமை, சமாதான காலத்து மெக்கானிக்குக் கிடைத்த வரமாயிற்று. ஒன்றின் கேபினை மற்றொன்றின் மேல் ஏற்றப் பெரிய வெட்டுவேலை தேவைப்படவில்லை. வாகனத்தைத் தேவைக்கேற்பத் திருத்தும் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது என்பதையும் மறக்கலாகாது: பெட்ரோல் பங்கீடு நிலவிய போர்க்காலத்தில், டி.வி.எஸ். நிறுவனம் செய்த கரிவாயுக் கருவி போன்றவற்றை முதுகில் சுமந்துகொண்டு கரி பஸ்கள் தமிழகச் சாலைகளில் ஓடியிருந்தன.

உதிரிபாகம் கிடைத்தவரை இணைப்பு வேலைக்குப் பெரிய அவசியம் எழவில்லை. 1928இல் பம்பாயில் பாகங்களை இணைத்து வாகனம் செய்யத் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று 1953இல் அரசு முடிவெடுத்ததை அடுத்து, 1954இல் கடையைக் கட்டியது. ஃபோர்டும் அதே காலத்தில் வெளியேறியது. அன்றிலிருந்து ஒரு செவ்ரலெட் கியர்பாக்ஸ் வேண்டுமென்றால் இன்னொரு செவ்ரலெட்டை உரிப்பதே எளிய வழி. காயலான் கடை என்று சென்னை வழங்கும் பழைய இரும்புக் கடை, எடைக்கு விற்கும் இடமாக மட்டும் இருந்த நிலை மாறிப் பாகங்களின் கிடங்காகவும் ஆனது. புதுப்பேட்டை பிற்காலத்தில் இவ்வணிகத்துக்கே பெயர்பெற்றது.

இதற்கிடையில் டீசல் வந்தது. 1840இல் குதிரைவண்டி செய்யும் நிறுவனமாகத் தொடங்கி 1903இல் நீராவி காரைச் செய்து காட்டிய சிம்ப்சன் நிறுவனம், 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் நிறுவன உரிமத்துடன் பி-6 என்னும் டீசல் என்ஜினைச் சென்னையில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. சுமார் 4.7 லிட்டர் கொள்ளளவுள்ள இந்த ஆறு சிலிண்டர் என்ஜின், பெட்ரோல் லாரியின் என்ஜின் இருந்த இடத்திலேயே பொருந்தத் தக்கதாக இருந்ததால், பழைய அமெரிக்க லாரிகளுக்கு மறுபிறவி கொடுத்தது. பொருந்துவது ஒன்று, ஒத்துப்போவது வேறொன்று. பெட்ரோல் என்ஜின் கலவையை ஆறில் ஒரு பங்காக அமுக்கினால் டீசல் என்ஜின் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அமுக்குகிறது. அதைத் தாங்கும் இரும்பின் கனத்தால் முன்புறப் பட்டைகள், அதாவது பாரத்தைத் தாங்கும் வில்தகடுகள், கூட்டப்பட வேண்டியிருந்தன. அதைச் சுழற்றித் தொடங்கப் பழைய 6 வோல்ட் மின்னமைப்பு போதாது. டீசல் மெதுவாகச் சுழல்வதால், பின் அச்சில் சுழற்சியை வளைத்துத் திருப்பும் கிரவுன்-பினியன் பற்சக்கரங்களின் விகிதத்தை மாற்றாவிட்டால் லாரி இழுக்குமே தவிர ஓடாது. அந்தப் பற்சக்கரம் பெரும்பாலும் மற்றொரு லாரியின் பின் அச்சோடு முழுதாகவே வந்து சேர்ந்தது.

இரண்டு லாரிகளின் சேஸை, அதாவது என்ஜினையும் உடலையும் தாங்கும் நீண்ட இரும்புச் சட்டத்தை, ஒன்றாக்குவதே உண்மையான சோதனை. உறுதியான எஃகைச் சூடாக்கினால் அதன் வலு அந்த இடத்தில் குறைவதால், நேராக வெட்டி வெல்டிங் வைத்த சட்டம் அதே கோட்டில் பிளக்கும். எனவே தேர்ந்த கைகள் சாய்வாக வெட்டி, உட்புறம் நீண்ட இரும்புத் தகட்டை வைத்து ரிவெட் அடித்துப் பிணைத்தன. சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதையும் தவிர்த்தன, ஏனெனில் பாரத்தால் வரும் இழுவிசையும் அமுக்கவிசையும் அந்த விளிம்புகளிலேயே உச்சமாக இருக்கும். பொறியியல் நூல்கள் கூறும் இந்த விதிகளைப் பட்டறைகள் பலவும் நூலிலிருந்து அன்றி, முறிந்த சட்டங்களிலிருந்தே கற்றன.

இத்தகைய இணைப்பு சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் புறம்பான விசித்திரம் என்று கருதுவது பிழை. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, எண்ணூரில் ஆலை அமைத்து, லேலண்டுடன் கைகோத்து 1955இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனமே பல்லாண்டுகள் வெறும் சேஸைத்தான் விற்றது. கேபினும் உடலும் தனிப் பட்டறைகளில் கட்டப்பட்டன. ஆலையிலிருந்து வெளிவந்த ஒவ்வொரு லாரியும் பிறக்கும்போதே இரு கைகளின் கூட்டுப் படைப்பு என்பதால், மூன்றாவது கை அதைத் திருத்துவதில் யாருக்கும் வியப்பிருக்கவில்லை.

வியப்பு பதிவேட்டில்தான் எழுந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி வாகனத்தின் அடையாளம் சேஸ் எண்ணும் என்ஜின் எண்ணுமே; மாற்றம் செய்தவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு லாரிகள் இணைந்தால் எந்த எண் உயிர்வாழ்கிறது என்பது இரும்பின் கேள்வி அன்று, பெர்மிட்டின் கேள்வி. சரக்கேற்றும் அனுமதியும் வரி கட்டிய வரலாறும் எந்தச் சேஸோடு ஒட்டியிருந்தனவோ அதுவே லாரியாகவும் மற்றது கழிவாகவும் கருதப்பட்டது. திருட்டு வாகனங்களுக்கு இதே வழி மறைவிடமாகும் என்பதால், மக்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் சேஸ் எண்ணைப் பென்சிலால் காகிதத்தில் தேய்த்துப் படியெடுத்து ஒப்பிடும் வழக்கம் ஏற்பட்டது. ராணுவ உபரிப் பாகங்களால் ஜீப் கட்டுவதற்குப் பெயர்பெற்ற ஹரியாணாவின் மண்டி டப்வாலியும் இதே சந்தேகத்தின் நிழலிலேயே தொழில் நடத்தியது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000இல் திருத்தப்பட்டபோது கதவு பெரிதும் சாத்தப்பட்டது; உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்றானதை, கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பழமைக்கு மதிப்பளிக்க 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளும் இந்த லாரிகளுக்கு உதவவில்லை: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, வணிகப் பயன்பாடு இல்லாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கே அத்தகுதி கிடைக்கும், அவற்றிலும் சேஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஃபோர்டின் சேஸும் செவ்ரலெட்டின் முகமும் பெர்க்கின்ஸின் இதயமும் கொண்ட சரக்கு லாரி வயதில் தேறினாலும் இந்த வரையறையின் மற்ற நிபந்தனைகளில் தோற்றுவிடுகிறது. அது சாலையில் ஓட வேண்டுமானால், மற்ற எந்தப் பழைய லாரியையும் போல ஆண்டுதோறும் எஃப்.சி.க்காக, அதாவது ஓடத் தகுதியுள்ளது என்னும் சான்றுக்காக, சோதனைக்குப் போய் நிற்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.