ஆறு கொண்டுபோன மண்ணும் ஒரு வழக்கும்

எங்கட வீட்டு அலுமாரிக்குள் ஒரு பிளாஸ்ரிக் பையில் காணி உறுதி ஒன்று இருக்கிறது. வெருகல் பக்கத்தில் இருந்த அப்பாவின் வயற்காணி உறுதி. 2006இல் இடம்பெயர்ந்தபோது உடுபுடவையோடு அம்மா தூக்கிக்கொண்டு வந்தது. மூன்று எல்லைக்கும் பக்கத்துக் காணிக்காரரின் பெயர் எழுதியிருக்கிறது. கிழக்கு எல்லைக்கு மட்டும் "ஆறு" என்று ஒரு சொல். சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு மாமா போய்ப் பார்த்துவிட்டு ரெலிபோனில் சொன்னார்: "மருமகன், உறுதியில எழுதின ஆறு இப்ப அந்த இடத்தில இல்லை."

அன்று தொடக்கம் ஆறுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறேன். நான் பட்டதாரி அல்ல. ஏ.எல் வரைக்கும் புவியியல் படித்தவன், இப்போது இங்கே வளைகுடாப் பகுதியில் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு ஒருநாளும் நேராக ஓடாது. வளைவில் வெளிப்பக்கத்துத் தண்ணீர் வேகமாக ஓடும். அது கரையின் அடியைக் குடைய, மேல்மண் பாளம் பாளமாக இடிந்து விழும். உள்பக்கத்தில் வேகம் குறைவு. அங்கே மணல் படியும். இப்படி ஒரு கரை தேய, மறுகரை வளர, ஆறே மெல்ல மெல்ல இடம் மாறும். வெள்ளம் வந்தால் வருடக்கணக்கில் நடக்கிற வேலை ஓர் இரவில் நடந்துவிடும். கரைமீறிப் பரவும் தண்ணீர் வேகம் இழக்கிறபோது, பாரமான மணலைக் கரையோரத்திலேயே போட்டுவிடும். மெல்லிய வண்டலைத் தூர வயல்வரைக்கும் கொண்டுபோகும். வெள்ளத்துக்குப் பிறகு பயிர் செழிப்பது இதனால்தான்.

ஆனால் ஆற்றுக்குள் அளவுக்கு மிஞ்சி மண்ணைத் தள்ளினால் என்ன நடக்கும்? அதற்கு எங்கட வீட்டிலிருந்து சில மணி நேரக் கார் ஓட்டத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1848இல் கலிபோர்னியாவில் பொன் கண்டார்கள். அந்தப் பொன் வேட்டை நிசெனான் போன்ற ஆதிக்குடிகளை அவர்களுடைய ஆற்றங்கரைகளிலிருந்து விரட்டியது. 1853இல் புதிய முறை ஒன்று வந்தது. மலை உச்சியிலிருந்து தண்ணீரைக் குழாயில் இறக்கி, பீரங்கி போன்ற இரும்புக் குழலால் மலையில் பீய்ச்சி அடிப்பது. மலை கரைந்து ஓடும். பொன்னை எடுத்துக்கொண்டு மிச்சச் சேற்றை யூபா முதலிய ஆறுகளுக்குள் விடுவார்கள். அந்த மண் ஏறத்தாழ 150 கோடி கன யார் என்பது கில்பேர்ட் என்ற புவியியலறிஞர் 1917இல் வெளியிட்ட கணக்கு. பனாமாக் கால்வாய்க்கு அள்ளிய மண்ணைப்போல் கிட்டத்தட்ட எட்டு மடங்கு!

கீழே இருந்தவர்களின் கதி என்ன? யூபா ஆற்றின் அடித்தளம் உயர்ந்து உயர்ந்து மேரிஸ்வில் நகரத்தின் தெருவைவிட மேலே வந்துவிட்டது. ஊரைச் சுற்றி மண் அணை கட்டினார்கள். 1875 ஜனவரியில் அணை உடைந்து ஊர் முழுதும் சேறு. பழத்தோட்டமும் வயலும் மணலுக்குள் புதைந்தன. வழமையாக வெள்ளம் போடுகிற வண்டல் அல்ல இது. ஒன்றும் முளைக்காத சரளையும் மணலும். தலைமுறையாக இருப்போம் என்று நம்பி வந்த கமக்காரர்கள் காணியை விட்டுப் போனார்கள்.

போகாமல் இருந்தவர்கள் 1878இல் சங்கம் அமைத்தார்கள். 1882இல் மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த எட்வேர்ட்ஸ் வூட்ரவ் என்பவர் பெரிய சுரங்கக் கம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டார். 1884 ஜனவரி 7ஆம் திகதி நீதிபதி லொறென்சோ சோயர் இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட தீர்ப்பு வழங்கினார்: கழிவு மண்ணை ஆற்றுக்குள் விடக்கூடாது. மேலே இருப்பவன் தன் இலாபத்துக்காகக் கீழே இருப்பவனின் காணியைப் புதைக்க உரிமை இல்லை என்பதே அதன் சாரம். பொன்னைவிட அயலவனின் வயல் பெரிதென்று ஒரு நீதிமன்றம் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

தீர்ப்போடு மண் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நாங்கள் பாலத்தில் ஏறிக் கடக்கிற இந்த வளைகுடாவரை வந்தது. பொன் பிரிக்கப் பாவித்த பாதரசமும் அதோடு வந்து அடிச்சேற்றில் இன்னும் கிடக்கிறது. இங்கே பிடிக்கிற சில மீன்களை அளவோடு சாப்பிடும்படி சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். 1986 பெப்ரவரியில் யூபா ஆற்றின் தென்கரை அணை உடைந்து லிண்டா என்ற ஊர் மூழ்கியது. அந்த அணையே பழைய சுரங்க மண்ணால் கட்டியது. இறுகாத மண், தண்ணீர் ஊறி விட்டுவிட்டது. வழக்கு நீண்டு, 2003இல் மாநில அரசே பொறுப்பு என்று தீர்ப்பானது. 2005இல் நட்டஈடு 46 கோடி டொலருக்கு மேல். ஏறத்தாழ 3000 பேர் பத்தொன்பது வருடம் காத்திருந்தார்கள். பத்திரங்களைப் பாதுகாத்து வைத்திருக்காவிட்டால் அவ்வளவு காலம் வழக்காடியிருக்க முடியுமா?

எங்கட மகாவலியும் இப்படித்தான். 335 கிலோமீற்றர் ஓடி, ஒரு கிளை வெருகலிலும், மற்றது கொட்டியாரக் குடாவிலும் கடலுக்குப் போகிறது. வெள்ளைக்காரன் கோப்பிக்கும் தேயிலைக்கும் மலைக்காட்டை வெட்டிய காலம் தொடக்கம் மலை மண் கரைந்து வருகிறது. பொல்கொல்லை, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைச் சேறு நிரப்பியது. மேலே அணைக்கட்டுகள் வண்டலை மறிக்க, கீழே வயலுக்கு அது குறைகிறது. வெள்ளம் மட்டும் வருகிறது.

பிழை ஆற்றில் இல்லை. 1995இல் சக்கரமெண்டோவுக்குத் தெற்கே கொசும்னஸ் ஆற்றில் மண் அணையை வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள். வெள்ளம் பரவி மணலையும் வண்டலையும் போட, தானாகவே மரங்கள் முளைத்தன. ஆற்றுக்கு இடம் விட்டால் அது திருப்பித் தரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டிலும் இப்படி உறுதிகள் இருக்கும். அதைப் பிரதி எடுத்து வையுங்கோ. எல்லையில் நின்ற மரம், கிணறு, கோயில், வாய்க்கால் எல்லாவற்றையும் அம்மா அப்பா இருக்கேக்கையே கேட்டு எழுதி வையுங்கோ. அப்பா போய்விட்டார், நான் கேட்கத் தவறிவிட்டேன். அம்மாவிடம் இப்போதுதான் கேட்டு எழுதுகிறேன். கிழக்கே ஆறு, ஆற்றோரம் இரண்டு மருத மரம் என்று சொன்னா. மாமாவிடம் கேட்டேன். ஒரு மரம் இன்னும் நிற்கிறதாம்.