நெட்டித் தொப்பி

பழைய புகைப்படங்களில் நெட்டித் தொப்பி அணிந்து மைதானத்தில் உலாவும் துரைமாரைக் காணுந்தோறும் அக்கோடைக்காலங்கள்மீது ஓர் ஏக்கம் பிறக்கின்றது. வங்கச் சதுப்புகளில் விளையும் நெட்டிக்கு அங்கே 'சோலா' என்பது பெயர். அதன் வெண்தண்டை ஏடுஏடாகச் சீவி, அச்சின்மேல் ஒட்டி, துணி போர்த்துவர். ஆங்கிலேயர் 'சோலா'வைக் கதிரவனோடு இணைத்து 'சோலார்' ஆக்கினர். தொப்பியின்றி வெயிலிற் செல்லின் உயிர்க்கே கேடென அஞ்சினர்.

அதே வெயிலில் தண்டவாளம் பதித்த நம்மவர்க்கோ தலையில் ஒரு துண்டே காப்பு!

இரண்டாம் உலகப் போரில் (1939–1945) வீரர் பலர் அத்தொப்பியின்றியே உழைத்தனர், அச்சம் பொய்த்தது, தொப்பியும் மறைந்தது. நெட்டி மறையவில்லை. வங்க மணமகன் முடியாக அதனை அணிகின்றான். தஞ்சைக் கலைஞர் அதிற் கோபுரம் சமைக்கின்றனர். தஞ்சை நெட்டி வேலைப்பாடு 2020இல் புவிசார் குறியீடும் பெற்றது. தொப்பி போயினும், அன்பர்களே, கைத்திறன் போகாது காத்தல் நம் கடன்.